ஒரே டிவி, இரு வேறு வயது: பிள்ளைகளுக்கு எதைப் போடுவது?

வீட்டில் ஒன்று எல்.கே.ஜி., இன்னொன்று நான்காம் வகுப்பு. டிவி ஒன்றுதான். பள்ளி விட்டு வந்து கை கால் கழுவினதும் ரிமோட்டுக்கு அடிதடி. நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: கேபிளில் வரும் குழந்தைகள் சேனல், யூடியூப், காசு கட்டிப் பார்க்கும் ஓடிடி, அப்புறம் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் தமிழ்ப் படம். இதில் எது என்று முடிவெடுக்கப் பெரும்பாலான வீடுகளில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "அசிங்கமா ஏதும் வராதே?" முத்தம் இல்லை, ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை என்றால் சரி, பார்க்கட்டும்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கூடவே இன்னொன்றும் உண்டு. அந்தக் கதையில் யார் யார் இருக்கிறார்கள்? அவர்களை என்ன செய்ய விட்டிருக்கிறார்கள்? கறுத்த பிள்ளை கதாநாயகனா, இல்லை அடி வாங்குகிறவனா? பெண் பிள்ளை வழி கண்டுபிடிக்கிறாளா, தின்பண்டம் எடுத்துக் கொடுக்கிறாளா? சக்கர நாற்காலியில் வருபவர் பரிதாபப்படுவதற்கு மட்டும்தானா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. அதனால்தான் தேர்வு கடினமாகிறது.

ஓர் உதாரணம் போதும். உப்பிய கன்னத்தையும் குழி விழுந்த தாடையையும் பற்றிய அந்த ஆங்கில ரைமைத் தமிழ்நாட்டில் நர்சரிப் பள்ளி வாசலை மிதித்த எவரும் பாடியிருப்பார்கள். சுருட்டை முடி, வெள்ளை நிறம், நீலக் கண், இப்படிப்பட்ட பிள்ளைதான் டீச்சருக்குச் செல்லம் என்று போகும் பாட்டு. மூன்று வயதுக்கு இதைவிடப் பாதுகாப்பான பாட்டு இருக்க முடியாது. எந்த சென்சார் போர்டும் ஒரு எழுத்தை வெட்டாது. ஆனால் அம்பத்தூரிலோ ஆண்டிபட்டியிலோ கன்னத்தைத் தொட்டுத் தொட்டு அதைப் பாடும் பிள்ளைக்கு, டீச்சரின் செல்லமாக என்னென்ன வேண்டும் என்ற பட்டியலும் சேர்ந்தே மனப்பாடமாகிறது. வயதுக்குப் பொருத்தம் நூற்றுக்கு நூறு. அடுத்த கேள்விக்கு மதிப்பெண் பூஜ்யம்.

சான்றிதழ் எதைச் சொல்கிறது?

இந்தியாவில் 1983 முதல் நாற்பது ஆண்டுகளாக யு (எல்லோருக்கும்), யு/ஏ, ஏ (பெரியவர்களுக்கு மட்டும்), எஸ் (மருத்துவர் போன்ற குறிப்பிட்ட துறையினருக்கு மட்டும்) என்று நான்கு பிரிவுகள்தான் இருந்தன. யு/ஏ என்றால் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோரின் வழிகாட்டுதல் வேண்டும் என்று பொருள். 2023-ல் சட்டத்தைத் திருத்தி, அந்த யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். 2024 கடைசியில் நடைமுறைக்கு வந்தது. ஓடிடிக்கு இதே வயதுப் பிரிவுகள் 2021 விதிகளிலேயே வந்துவிட்டன. 13+ முதல் மேலே உள்ள எதற்கும் பெற்றோர் பூட்டு வசதி இருந்தாக வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், தியேட்டர் படத்தைப் போர்டு பார்த்து முத்திரை குத்துகிறது. ஓடிடி நிறுவனமோ தன் படத்துக்குத் தானே முத்திரை குத்திக்கொள்கிறது. யூடியூபில் ஆளாளுக்கு ஏற்றும் வீடியோவுக்கு இந்த முத்திரையே கிடையாது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. யு/ஏ 16+ படத்துக்கு எட்டு வயதுப் பிள்ளையோடு போனால், அந்தச் சான்றிதழைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. ஏ சான்றிதழுக்குத்தான் தடை. மற்றவை பெற்றோருக்கான தகவல், அவ்வளவே. முடிவு நம் தலையில்தான்.

சரி, அந்தத் தகவலில் இரண்டாவது கேள்விக்கு இடம் உண்டா? பிரிட்டனில் உண்டு. அங்கே வயதுச் சான்றிதழ் தரும் பி.பி.எஃப்.சி. அமைப்பு, வன்முறை, பாலியல், கெட்ட வார்த்தை ஆகியவற்றோடு பாகுபாட்டையும் கணக்கில் எடுக்கிறது. 1964-ல் வந்த 'மேரி பாபின்ஸ்' அறுபது ஆண்டுகளாக எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற யு முத்திரையோடு இருந்த படம். 2024 பிப்ரவரியில் அதைப் பெற்றோர் வழிகாட்டுதல் தேவை என்ற பிரிவுக்கு ஏற்றினார்கள். காரணம், தென்னாப்பிரிக்கப் பழங்குடியினரை இழிவாகக் குறிக்கும் பழைய சொல் ஒன்று படத்தில் வருகிறது. முகமெல்லாம் கரி அப்பிய புகைபோக்கித் துப்புரவாளர்களைப் பார்த்தும் ஒரு பாத்திரம் அதைச் சொல்லிக் கத்துகிறது. படத்தை வெட்டவில்லை, தடுக்கவுமில்லை. பெற்றோர் பக்கத்தில் உட்காருங்கள் என்றார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

நம் போர்டின் வழிகாட்டு நெறிகளிலும் உடல், மனக் குறை உள்ளவர்களைக் கேலி செய்யும் காட்சிகள் கூடாது என்று இருக்கிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில், மாற்றுத்திறனைப் புரிய வைக்கும் நகைச்சுவை வேறு, மாற்றுத்திறனாளியைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது. ஆனாலும் திக்கிப் பேசுவதையும் கறுப்பாக இருப்பதையும் குட்டையாக இருப்பதையும் வைத்துச் சிரிக்க வைக்கும் காட்சிகள் யு சான்றிதழோடு காலங்காலமாக நம் கூடத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆக, யு என்ற எழுத்து எது இல்லை என்பதைச் சொல்லும். எது இருக்கிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

நாலும் ஒன்பதும் ஒன்றல்ல

குழந்தைகளின் பயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் கேன்டர். அவர் கண்டது ரொம்ப எளிமையானது, ஆனால் வீட்டில் அப்படியே பயன்படும். சின்னப் பிள்ளைகள் பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்துப் பயப்படுவார்கள். எட்டு, ஒன்பது வயதில் நிஜமாக நடக்கக்கூடுமா என்பதை வைத்துப் பயப்படுவார்கள். அந்தக் காலத்து ஹல்க் தொலைக்காட்சித் தொடரை வைத்து நடத்திய ஆய்வில், சின்னதுகள் அதிகம் மிரண்டது வில்லனைப் பார்த்தல்ல. நல்ல மனிதர் பச்சைப் பூதமாக மாறும் கட்டத்தில். பெரிய பிள்ளைகளுக்கோ அதே கட்டம் நிம்மதி. இனி அவன் காப்பாற்றிவிடுவான் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதை வைத்து 'ஃபைண்டிங் நீமோ'வைப் பாருங்கள். அமெரிக்காவில் எல்லா வயதினருக்கும் என்று ஜி முத்திரை பெற்ற 2003 படம். தொடங்கிய சில நிமிடங்களில் அம்மா மீனும் ஒன்றைத் தவிர அத்தனை முட்டைகளும் போய்விடுகின்றன. நாலு வயதுக்காரி பாய்ந்து வரும் பல்லைப் பார்த்து முகத்தைப் பொத்துவாள்; ஒன்பது வயதுக்காரன் படம் முடிந்த பிறகு, "அம்மா, நீயும் அப்படி..." என்று ஆரம்பிப்பான். ஆனால் இரண்டாவது கேள்விக்கு இந்தப் படம் தரும் பதில் அபாரம். நீமோவுக்கு ஒரு துடுப்பு சின்னது. டோரிக்கு எதுவும் நினைவில் நிற்காது. தொட்டியில் இருக்கும் கில் என்ற மீனுக்கும் துடுப்பு சிதைந்திருக்கும். நீமோ குழாயில் சிக்கிக்கொள்ளும்போது, யாரும் தொடாதீர்கள், அவனே வெளியே வரட்டும் என்று நிறுத்துவது அந்த மீன்தான். குறையைப் பார்த்துப் பாவப்படாமல், அதோடு வாழ்வதைக் காட்டிய கதை. எந்த முத்திரையும் இதைச் சொல்லாது.

இனி, நான் முக்கியமாக நினைக்கும் ஆய்வு. மேரி-லூயிஸ் மேர்ஸ் என்ற ஆய்வாளர் தன் சக ஆய்வாளரோடு 2008-ல் வெளியிட்டது. கிளிஃபர்ட் என்ற பெரிய சிவப்பு நாயின் கார்ட்டூனில் ஒரு பகுதி. மூன்று கால் உள்ள நாய் ஒன்று ஊருக்கு வருகிறது. மற்ற நாய்கள் முதலில் விலகுகின்றன, பயப்படுகின்றன, கடைசியில் சேர்ந்துகொள்கின்றன. மாற்றுத்திறனாளிகளிடம் அன்பாக இரு என்பது பாடம். எல்.கே.ஜி., யு.கே.ஜி. வயதை ஒட்டிய பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிவிட்டு என்ன புரிந்தது என்று கேட்டபோது, பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பாடம் போய்ச் சேரவே இல்லை. புரிந்தவர்களில் பலருக்கும் அது நாய்களைப் பற்றிய விஷயம். மனிதர்களுக்குப் பொருத்திப் பார்க்க அந்த வயதில் வரவில்லை.

யோசித்தால் இதில் வியப்பில்லை. இருபது நிமிடக் கதையில் பதினைந்து நிமிடம் விலக்கி வைப்பதைக் காட்டிவிட்டுக் கடைசியில் கட்டிப்பிடித்தால், சின்னப் பிள்ளை கையில் எடுத்துக்கொள்வது அந்தப் பதினைந்து நிமிடத்தை. அப்படியென்றால், கேலி செய்து பிறகு திருந்தும் கதைகள் ஒன்பதுக்கு உதவும், நாலுக்கு உதவாது. நாலு வயதுக்கு வேண்டியது, விதவிதமான மனிதர்கள் எந்த விளக்கமும் இல்லாமல் சும்மா கூட இருக்கும் கதை. ஆஸ்திரேலியக் கார்ட்டூன் 'புளூயி'யில் காது கேளாத டூகி என்ற குட்டி நாய் ஒன்று ஒரு பகுதியில் வருகிறது. பூங்காவில் விளையாடுகிறது, அம்மாவோடு சைகை மொழியில் பேசுகிறது, அவ்வளவுதான். ஐயோ பாவம் என்று ஒரு குரலும் கேட்பதில்லை. என் தேர்வுக்கு இதுதான் அளவுகோல். பன்முகத்தன்மை வேண்டுமா வேண்டாமா என்பதை விட்டுவிடலாம்; எந்த வயதுக்கு எந்த விதமாக என்பதைப் பார்க்க வேண்டும்.

கேபிள் சேனல்

2007-ல் சன் குழுமம் தொடங்கிய சுட்டி டிவி, நாள் முழுக்கத் தமிழில் பேசும் குழந்தைகள் சேனலாக வந்தது. ஒரு தலைமுறையே டோராவோடும் புஜ்ஜியோடும் வளர்ந்தது. குள்ளநரி திருடக் கூடாது என்று இன்றைக்கும் மீம் போடுகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். டோரா லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்ட ஏழு வயதுச் சிறுமி, மூலத்தில் இடையிடையே ஸ்பானிஷ் பேசுவாள் என்பதெல்லாம் நமக்கு அப்போது தெரியாது. மாநிறம், கறுத்த முடி, கையில் வரைபடம், தமிழ்ப் பேச்சு. நம்மூர்ப் பிள்ளை என்றே எடுத்துக்கொண்டோம். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாள். நாலு வயதுக்கு இரண்டு கணக்கிலும் பொருந்திய நிகழ்ச்சி அது.

ஆனால் சேனலில் டோராவுக்குப் பிறகு என்ன வரும் என்பது நம் கையில் இல்லை. கார்ட்டூன் என்றாலே குழந்தைக்கானது என்ற நம்பிக்கைதான் இங்கே சிக்கல். ஷின்சான் 1990-ல் ஜப்பானில் பெரியவர்கள் வாசிக்கும் மங்கா வார இதழில் தொடங்கிய கதை. நாயகனுக்கு ஐந்து வயது என்பதால் அது ஐந்து வயதுக்கான கதை ஆகிவிட்டது! இங்கே 2008-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அதை நிறுத்தச் சொன்னது; அடுத்த ஆண்டு வெட்டு ஒட்டுகளோடு திரும்பி வந்தது. வெட்டிய பிறகும், அம்மாவின் உடம்பைக் கேலி செய்வதும் வழியில் பார்க்கும் பெண்களிடம் வழிவதும்தான் அதன் நகைச்சுவைக்கு முதுகெலும்பு. ஒன்பது வயதுக்காரன் சிரித்துவிட்டுப் போவான். நாலு வயதுக்காரி அப்படியே பேசிக் காட்டுவாள்.

இன்னொரு ஜப்பானியக் கார்ட்டூனான டோரேமானில் மையப் பாத்திரங்கள் ஐந்தில் ஷிசுகா ஒருத்திதான் பெண். அவள் குளிக்கும்போது நாயகப் பையன் நோபிதா தவறிப்போய் உள்ளே வந்துவிடுவது மூலக்கதையில் திரும்பத் திரும்ப வரும் வேடிக்கை. 2008-ல் ஹைதராபாத்தில் உருவாகிப் போகோ சேனலில் வந்த சோட்டா பீம் நம் மண்ணின் கதை, வேட்டியும் லட்டுமாக. ஆனால் டோலக்பூரில் ஆபத்து வந்தால் சண்டை போடுவது பீம், லட்டு கொடுப்பது அவன் தோழி சுட்கி. வம்பிழுக்கும் காலியா குண்டுப் பையன். நம்மூர் உடை போட்டுவிட்டால் மட்டும் கதை பன்முகமாகிவிடாது. இதற்காகச் சேனலையே அணைக்கச் சொல்லவில்லை. பெரியவனோடு உட்கார்ந்து, "ஏன்டா, ஒரு நாளாவது சுட்கி சண்டை போடக்கூடாதா?" என்று கேட்டுப் பாருங்கள்; நன்றாக வாதாடுவான்.

யூடியூப்

பன்முகம் என்று பார்த்தால் யூடியூபுக்கு இணையே இல்லை. யாழ்ப்பாணத்துப் பாட்டி சொல்லும் கதை, மலேசியத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு, சைகை மொழியில் கதை, எல்லாம் ஒரே இடத்தில். சென்னையிலிருந்து 2013-ல் தொடங்கிய சூச்சூ டிவி இன்று உலகெங்கும் ஓடுகிறது. எந்தத் தொலைக்காட்சி நிறுவனமும் தராத அளவு வகை இங்கே இருக்கிறது. வயதுப் பொருத்தத்தில் இதைவிட மோசமான இடமும் இல்லை. 2017-ல் உலகமே பேசிய விவகாரம் நினைவிருக்கலாம். பிள்ளைகளுக்குப் பிடித்த பாத்திரங்களைத் திருடி, ஊசி, ரத்தம், கடத்தல் என்று எடுத்த போலி வீடியோக்கள், சாதாரண கார்ட்டூன் போலவே தலைப்பும் படமும் வைத்துக்கொண்டு வரிசையில் வந்தன. பெற்றோர் பக்கத்து அறையில் இருக்க, ஒன்று முடிந்து அடுத்தது தானாக ஓடிக்கொண்டிருந்தது.

2019-ல் குழந்தைகளின் தகவல்களைச் சேகரித்ததற்காக அமெரிக்காவில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. 2020 ஜனவரி முதல் குழந்தைகளுக்கான வீடியோ என்றால் ஏற்றுகிறவர் அதைக் குறிப்பிட வேண்டும். அப்படிக் குறித்தால் கருத்துப் பகுதி மூடப்படும், ஆளைக் குறிவைக்கும் விளம்பரம் வராது. இது விளம்பரத்துக்கான ஏற்பாடு, தரத்துக்கான சான்று அல்ல. யூடியூப் கிட்ஸ் செயலியில் நாலு வயது வரை, ஐந்து முதல் எட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு என்று மூன்று பிரிவுகள் உண்டு. நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் முத்து: நாம் தேர்ந்தெடுத்த வீடியோக்களும் சேனல்களும் மட்டுமே தெரியும், பிள்ளையால் தேட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும். சோம்பலாகத்தான் இருக்கும். ஆனால் யூடியூபின் வகையையும் சேனலின் பாதுகாப்பையும் ஒன்றாகத் தருவது இந்த ஒரே அமைப்புதான்.

ஓடிடி

காசு செலவாகும். அதற்கு ஈடாகக் கட்டுப்பாடு கிடைக்கிறது. நெட்ஃபிளிக்ஸில் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனிப் புரொஃபைல், அதற்கென வயது வரம்பு, குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியை மட்டும் மறைக்கும் வசதி, அடுத்த பகுதி தானாக ஓடாமல் நிறுத்தும் வசதி எல்லாம் இருக்கின்றன. 2019-ல் வந்த 'மைட்டி லிட்டில் பீம்' கார்ட்டூன் வசனமே இல்லாதது. மொழி தெரியாத பிள்ளையும் பார்க்கலாம், கோலமும் ஹோலியும் உறியில் தொங்கும் வெண்ணெயும் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் புரியும். பெரியவனுக்கு 2021-ல் வந்த டிஸ்னி படம் 'என்கான்டோ'. கொலம்பியாவில் ஒரே குடும்பத்தில் கறுப்பு, மாநிறம், வெளுப்பு என்று எல்லா நிறத்தவரும், நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி. நாயகி கண்ணாடி போட்டவள், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. குறை என்னவென்றால், தமிழ் ஒலி இருக்கும் நிகழ்ச்சிகள் குறைவு. பன்முகம் வேண்டும் என்று கிளம்பி, மாலை முழுக்க ஆங்கிலத்திலேயே முடிகிறது.

ஓடிடி என்றதும் சில பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வெளிநாட்டுக் கார்ட்டூனில் இப்போது இரண்டு அம்மா, இரண்டு அப்பா எல்லாம் வருகிறதே, அது பிள்ளைகளுக்குத் தேவையா? 2022 செப்டம்பரில் 'பெப்பா பிக்' என்ற பிரிட்டிஷ் கார்ட்டூன் தொடரில் பனிக்கரடிக் குட்டி ஒன்று தன் குடும்பத்தை வரைந்து காட்டி, தனக்கு இரண்டு அம்மாக்கள் என்று சொல்கிறது. ஒருவர் மருத்துவர், இன்னொருவர் சமைப்பவர். காட்சி அதோடு முடிகிறது. இதில் நாலு வயதுக்குப் பொருந்தாதது என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. பாட்டியும் சித்தியும் வளர்க்கும் பிள்ளை, அப்பா துபாயில் இருக்கும் பிள்ளை என்று நம் வகுப்பறையிலேயே வீடுகள் பல விதம். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது தகவல். காதல் காட்சி எந்த ஜோடிக்கும் அந்த வயதில் தேவையில்லை. அதே அளவுகோலை நாயகன் நாயகி டூயட்டுக்கும் வைத்தால் சரி. இதெல்லாம் நேற்று வந்த மோகம் என்பதும் உண்மையல்ல. 1969-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சி கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைச் சேர்ந்து விளையாடக் காட்டியதற்காக, மறு ஆண்டே மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் அதை ஒளிபரப்ப மறுத்தது. நாடு முழுக்க எதிர்ப்பு வந்து, 22 நாளில் முடிவை மாற்றிக்கொண்டார்கள்.

குடும்பத்தோடு தமிழ்ப் படம்

எல்லோரும் பாதுகாப்பு என்று நம்பும் வழி இது. மொழி நம்முடையது, தெரு நம்முடையது. நான்கில் எனக்கு அதிகத் தயக்கம் தருவதும் இதுவே. கவுண்டமணியும் செந்திலும் வந்தால் நானும் எழுந்து போக மாட்டேன்; ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி, உருவத்தையும் நிறத்தையும் சொல்லித் திட்டி உதைப்பதில் வருகிறது. அந்தக் காமெடித் துண்டுகள் ஆதித்யாவிலும் சிரிப்பொலியிலும் நாளெல்லாம் ஓடுகின்றன, பிள்ளைகள் சாப்பிடும்போது போட்டுவிடுவதும் அவற்றைத்தான். பிறகு வந்த பல படங்களில் திருநங்கை ஒருவர் வந்தால் அது சிரிக்க வேண்டிய இடம் என்று இசையே சொல்லிவிடும். நீமோவின் சுறா ஓரிரு இரவுக் கனவோடு போய்விடும். இந்தக் கேலிகள் மறுநாள் பள்ளி வேனில் கறுத்த பையன் ஒருவன் மேல் இறங்குகின்றன.

மறுபக்கம், 'காக்கா முட்டை' போன்ற படமும் தமிழில்தான் வந்தது. 2015 ஜூனில் திரைக்கு வருவதற்கு முன்பே, சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றிருந்தது. சென்னைக் குடிசைப் பகுதியில் இரண்டு கறுத்த சிறுவர்கள், ஒரு பீட்சா ஆசை. அவர்களைப் பார்த்து யாரும் பரிதாபப்படச் சொல்லவில்லை கதை. அவர்கள் குறும்பும் கணக்கும் ரோஷமும் உள்ள பையன்கள். ஆனால் தண்டவாளத்தில் நிலக்கரி பொறுக்குவது, சிறையில் இருக்கும் அப்பா, பாட்டியின் சாவு, கடை வாசலில் விழும் அந்த அறை எல்லாம் நாலு வயதுக்கு இல்லை. குழந்தைகளைப் பற்றிய படம் எல்லாம் குழந்தைகளுக்கான படம் ஆகிவிடாது. ஒன்பது வயதுக்கு, கூட உட்கார்ந்து, நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசிப் பார்க்க இதைவிட நல்ல தமிழ்ப் படம் சட்டென்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த அறையை ஏன் அடித்தான் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதைப் போடுவது?

நாலு வயதுக்கு என் முதல் தேர்வு, நாம் பட்டியல் போட்ட யூடியூப் கிட்ஸ். வசதி இருந்தால் ஓடிடியில் ஏழெட்டு நிமிடத்தில் முடியும் பகுதிகள். புளூயி மாதிரி சண்டை வில்லன் இல்லாதவை. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை, ஆகவே பத்துப் பதினைந்து வீடியோ இருந்தாலே நிறைய நாள் ஓடும். பிள்ளைகள் பார்த்ததையே பார்ப்பார்கள். கேபிள் சேனல் இரண்டாவது. தமிழ்ப் படம் இந்த வயதில் அவசியமே இல்லை.

ஒன்பது வயதுக்கு வரிசை மாறும். தேர்ந்தெடுத்த படங்கள் முதலில், அது தமிழோ வெளிநாடோ. வாரத்துக்கு ஒன்று, பெரியவர் ஒருவர் கூடவே. கேலி, பாகுபாடு, திருத்தம் என்று போகும் கதைகள் இப்போது வேலை செய்யும். சேனலும் பரவாயில்லை, ஷின்சானைத் தடுத்து மறைவாகப் பார்க்க வைப்பதைவிடக் கூட உட்கார்ந்து, "அது அம்மாவைப் பேசுற பேச்சா?" என்று ஒரு வார்த்தை போட்டுவைப்பது நல்லது. பூட்டில்லாத யூடியூப் மட்டும் இன்னும் சில வருடம் காத்திருக்கட்டும்.

இரண்டும் சேர்ந்து பார்க்கும் நேரம் வந்தால் சின்னதின் வயதுக்குத்தான் போட வேண்டும். பெரியவன் முனகுவான். அவனுக்குச் சின்னவள் தூங்கிய பிறகு அரை மணி நேரம் என்று தனியாக ஒதுக்கிவிட்டால் முனகல் குறையும்.

கடைசியாக, தாத்தாவின் போன். வீட்டு டிவிக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் ஓட்டை இங்கேதான். அவர் பார்க்கும் அரசியல் விவாதம், கொலைச் செய்தி, ராசிபலன் எல்லாவற்றையும் வைத்து அவர் கணக்குக்கு வரும் பரிந்துரைகளின் நடுவேதான் பேத்தி ரைம் தேடுகிறாள். அந்தப் போனிலும் யூடியூப் கிட்ஸைப் போட்டு, அதே பட்டியலை ஏற்றி, அந்தச் செயலியின் ஐகானை முதல் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது எப்படி என்று அவருக்கே சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது. எந்தக் கதையைச் சேர்க்கலாம் என்று பேத்தியோடு உட்கார்ந்து தேட அவருக்கு நேரம் இருக்கிறது, நமக்குத்தான் இல்லை.